இப்பொழுது என்ன கேட்கிறீர்?

தமிழில் ‘கேள்’ என்னும் சொல் மிகச் சிறியது. எனினும் அதன் பொருள் சிறிதன்று. செவியால் நுகர்தலும் கேட்டல்; அறியாததை வினவுதலும் கேட்டல்; உறவினரையும் நண்பரையும் கேளிர் என்று வழங்குவதும் நம் முன்னோர் மரபு. திருவள்ளுவர் கல்விக்கு அணித்தே கேள்விக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தமை யாவரும் அறிவர். இசையன்பர் இருவர் வழியிற் சந்திப்பின், நலம் உசாவிய பின்னர் ஒருவரை யொருவர் வினவும் வினா ஒன்றுண்டு. “இப்பொழுது என்ன கேட்கிறீர்?” என்பதே அவ்வினா. மேற்கூறிய மூன்று பொருளும் இதன்கண் ஒருங்கே அடங்கியிருத்தல் காண்க. அது செவியைப் பற்றியது; வினாவாய் அமைவது; விடை உண்மையாயிருப்பின் கேண்மையில் முடிவது. இவ்வினாவைப் பற்றியும், இக்காலத்து நாம் அதற்குக் கூறிவரும் விடைகளைப் பற்றியும் சில சொற்கள் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் கல்லூரி மரநிழலில் மாலை வேளைகளில் அமர்ந்திருக்கும் மாணாக்கரை நோக்குவோர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். நால்வர் ஒரே கற்பலகைமேல் அமர்ந்திருப்பர். நால்வர் செவியிலும் இயர்போன் இருக்கும். ஒருவர் கேட்பது கருநாடக இசையாகலாம்; ஒருவர் கேட்பது மேனாட்டுச் சிம்பொனியாகலாம். அருகிருப்பவர் எதனைக் கேட்கின்றார் என்பதை மற்றவர் அறியார். அறிய விரும்பி ஒருவர் வினவினால், மற்றவர் தம் கைப்பேசியைத் தடவி, தாம் கேட்டதை அவருக்கு அனுப்பி வைப்பர். “அனுப்பியிருக்கிறேன், கேள்” என்பார் இவர். “கேட்கிறேன்” என்பார் அவர். அக் ‘கேட்கிறேன்’ என்னும் சொல் இலக்கணத்தில் நிகழ்காலம்; பேச்சில் எதிர்காலம்; உண்மையிலோ எக்காலத்திலும் நிகழாதது! இவ்வாறு அனுப்பப்பட்டுக் கேட்கப்படாமற் கிடக்கும் இசை ஒவ்வொருவர் கைப்பேசியிலும் எத்துணை என்பதை அவரவரே எண்ணிப் பார்த்துக் கொள்வாராக. நாமும் எண்ணிப் பார்த்தோம். எண்ணிக்கையை ஈண்டுக் கூற நாணுகின்றோம்.

இது இயந்திரங்களைப் பழிக்க எழுந்த கட்டுரை என்று எவரும் கருதற்க. இயந்திரம் இசைக்குச் செய்த நன்மையை மறுப்பது நன்றி கோறலாகும். தியாகையர் 1847-இல் மறைந்தார்; முத்துசாமி தீட்சிதர் 1835-இல் மறைந்தார். அவர்கள் பாடியதைக் கேட்டவர், அவர்கள் பாடிய இடத்தில் இருந்தவர் மட்டுமே. ஐரோப்பாவிலும் நிலைமை இதுவே. பீத்தோவன் இயற்றிய ஒன்பதாம் சிம்பொனி 1824-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் வியன்னா நகரில் முதன்முதலாக இசைக்கப்பட்டது. அன்று அம்மன்றத்தில் இல்லாதார், மற்றொரு முறை அஃது எங்கேனும் இசைக்கப்படும் நாளை எதிர்நோக்கியிருத்தல் வேண்டும். அன்றேல் இருவர் ஒரே பியானோவின் முன் அமர்ந்து நான்கு கைகளால் வாசித்தற்கு ஏற்பச் சுருக்கி எழுதிய ஏட்டை வாங்கித் தம் வீட்டிலேயே வாசித்து ஒருவாறு மனநிறைவு எய்துதல் வேண்டும்.

1877-இல் எடிசன் ஒலியைப் பதித்துக் காட்டினார். 1887-இல் பெர்லினர் தட்டையான இசைத்தட்டுக்கு வழி வகுத்தார். அவ்வழியே வந்த பழைய தட்டுக்களில் ஒரு பக்கத்திற்கு மூன்று அல்லது நான்கு நிமிடமே இசை அடங்கும். நாழிகைக் கணக்கில் இராகம் பாடிய வித்துவான்கள், அம்மூன்று நிமிடத்துள் தம் கலையைச் சுருக்கித் தந்தனர். எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். அவர் குரலை இன்றும் நாம் கேட்கக் கூடுவது அவ்விசைத்தட்டுக்களின் பயனே. சென்னை மாநகராட்சி 1930-இல் தொடங்கிய ஒலிபரப்பை மக்கள் கடற்கரையிலும் பூங்காக்களிலும் கூடி நின்று கேட்டனர். 1938-இல் சென்னையிலும், 1939-இல் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தோன்றின. 1948-இல் நெடுநேரம் ஒலிக்கும் இசைத்தட்டும், பின்னர் ஒலிநாடாவும், 1982-இல் குறுந்தட்டும் வந்தன. இன்று இவை யாவும் ஒரு கைப்பேசியுள் அடங்கின. செல்வர் வீட்டு முற்றத்திலும் சபையின் முன்வரிசையிலும் நின்றிருந்த சங்கீதம், ஏழை மாணாக்கனின் சட்டைப்பையினுள் வந்து அமர்ந்தது. இதனினும் பெரிய நன்மை யாது?

நிற்க. நன்மை பெரிதாயின், அதனைப் பயன்கொள்ளும் முறையில் நேரும் குற்றமும் பெரிதாதல் கூடும். ஒரு கிணற்றில் நீர் இறைத்துக் குடிப்பவன் அந்நீரின் சுவையை அறிவான். வெள்ளத்தில் நிற்பவன் அதனை அறியான். நாம் இன்று வெள்ளத்தில் நிற்கின்றோம். அதனால் விளைந்த குற்றங்கள் மூன்று.

முதலாவது, துண்டு துண்டாகக் கேட்டல். ஓர் ஆலாபனையின் முதற்பிடி செவியில் விழுந்ததும், அடுத்ததற்குத் தாவுகின்றோம். கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பி அருந்த எழுந்து செல்வோரைக் கண்டு முன்னையோர் வருந்தியதுண்டு. இன்று நாம் எழுந்து செல்லவும் வேண்டா; விரலை அசைத்தாற் போதும், மிருதங்க வித்துவான் மறைந்து விடுவார்.

இரண்டாவது, பெயர்களை அடுக்குதல். “என்ன கேட்கிறீர்?” என்னும் வினாவிற்கு விடையாக இருபது பெயர்களைக் கூறுகின்றோம். இன்னார் பாடிய கல்யாணி, இன்னார் நடத்திய சிம்பொனி, இன்ன ஆண்டுப் பதிவு, இன்ன சபையில் நிகழ்ந்தது என்று பட்டியல் நீள்கின்றது. கேட்டதைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. உணவு விடுதியின் பலகையில் எழுதியிருப்பதை ஒப்பிப்பவன் உண்டவனாகான்.

மூன்றாவது குற்றம் முன்னிரண்டினும் கொடியது. அஃதாவது, நம் விடையால் நம்மை உயர்த்திக் கொள்ளுதலும், பிறர் விடையால் அவரைத் தாழ்த்துதலுமாம். இதனைப் பற்றி நாம் பொதுவாகப் பேசுவதற்கு உரிமையுடையேம் அல்லேம். ஏனெனில் இக்குற்றத்தை நாமே செய்திருக்கின்றோம். அதனை ஈண்டு மறையாமல் உரைப்பதே முறை.

நாம் இக்கல்லூரியில் மாணாக்கராய் விடுதியில் வாழ்ந்த காலம், ஒலிநாடாக்களின் காலம். எம் அறையில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. சனிக்கிழமை இரவுகளில் இசையில் நாட்டமுள்ள ஏழெட்டுப் பேர் அங்குக் கூடுவோம். அவ்வாரம் தாம் கேட்டது யாது என்று ஒவ்வொருவரும் கூறுதல் எமக்குள் ஏற்பட்டதொரு வழக்கம். சென்னையிலிருந்து வந்தவர் சபைகளின் பெயர்களைக் கூறுவர். நாம் நூல்நிலையத்தில் எடுத்த ஒரு புத்தகத்தின் துணைகொண்டு, கேட்டதும் கேளாததுமாகிய மேனாட்டுச் சிம்பொனிகளின் பெயர்களைக் கூறுவோம். ஒருநாள் தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து முதல் வகுப்பிற் சேர்ந்திருந்த மாணாக்கர் ஒருவர், வாயிலருகே வந்து நின்றார். “தம்பி, நீ என்ன கேட்கிறாய்?” என்று நாம் வினவினோம்.

“என்கிட்ட ஒரே ஒரு கேசட்டுத்தான் அண்ணே. நாயனம், தோடி. அதைத்தான் மூணு மாசமாக் கேக்கறேன்,” என்றார் அவர். பின்னர்ச் சிறிது தயங்கி, “ஒரு சுரத்தைத் தொடாமலே சுத்திச் சுத்தி வருவார் அண்ணே. கடைசியில அதைத் தொடும்போது…” என்று தொடங்கினார்.

அவரை முடிக்க விட்டோமில்லை. “மூன்று மாதமாக ஒரே கேசட்டா?” என்று எம்முள் ஒருவர் நகைத்தார். நாமும் உடன் நகைத்தோம். அம்மாணாக்கரும் எம்மோடு சேர்ந்து சிரித்தார், சிரித்துவிட்டுப் போனார். அதன்பின் அவ்வறைக்கு அவர் ஒருநாளும் வந்திலர். நாமும் அழைத்தோமில்லை.

ஆண்டுகள் பல சென்றபின், ஓர் இரவு உறக்கம் வாராது, நாகசுரத்தில் வாசித்த ஒரு தோடியை முதலிலிருந்து முடிவுவரை ஒரே இருப்பாக இருந்து கேட்டோம். தோடியில் பஞ்சமத்தைத் தொடாது செல்லும் பிடிகள் மிகுதி என்பதும், அவ்வாறு விலக்கி விலக்கிச் சென்று பின்னர் அச்சுரத்தில் வந்து நிற்குங்கால் கேட்போர் உள்ளம் ஆறுதல் எய்தும் என்பதும் இலக்கண நூல்கள் வாயிலாக நாம் முன்னரே அறிந்தவை. ஆயினும் அன்றிரவே அதனைச் செவியால் அறிந்தோம். அறிந்த அக்கணத்தில், வாயிலில் நின்ற அம்மாணாக்கர் சொல்லத் தொடங்கியது இன்னதென்பது விளங்கிற்று. பஞ்சமம் என்னும் பெயரை அவர் அறிந்திலர் போலும். ஆனால் பஞ்சமத்தை அறிந்திருந்தார். நாமோ பெயரை அறிந்திருந்தோம். அன்று அவ்வறையில் உண்மையாகக் கேட்டவர் ஒருவரே. அவரை நாம் வெளியேற்றினோம்.

இதனைக் கூறியது எம்மை நொந்துகொள்வதற்காக மட்டும் அன்று. இவ்வாறு ஒவ்வோர் அறையிலும் ஒருவர் வெளியேறின், இழப்பு அவர்க்கு மட்டும் உரியதன்று, கலைக்கும் உரியதாம். வினவப்படாத இசை பேசப்படாது. பேசப்படாத இசை கேட்கப்படாது. கேட்கப்படாத இசை நாளடைவில் வாசிக்கப்படாது. நாகசுரத்தையே நோக்குக. வைகறையிற் பூபாளமும், சுவாமி புறப்பாட்டிற்கு மல்லாரியும், பள்ளியறை வேளையில் நீலாம்பரியும் எனப் பொழுதுக்கும் நிகழ்ச்சிக்கும் ஏற்பத் தமிழ்நாட்டு மக்கட்கு இராகங்களைப் பழக்கி வைத்தது அக்கருவியே. கட்டணம் இன்றி, வாயிற்காவல் இன்றி, வீதியில் நின்றவர் யாவரும் அதனைக் கேட்டனர். திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898–1956) இராகத்தை நெடுநேரம் விரித்து வாசித்த முறையைக் கேட்டுப் பயன்பெற்ற வாய்ப்பாட்டு வித்துவான்கள் பலர். அத்தகைய கருவிக்கு இன்று நகரத்துச் சபைகள் பலவற்றில் அளிக்கப்படும் இடம் யாது? தொடக்க நாளன்று ‘மங்கல இசை’ என்னும் பெயரால், நாற்காலிகள் நிறையுமுன் வாசித்து முடித்துவிட வேண்டிய இடமே பெரும்பாலும் அதற்குக் கிடைக்கின்றது. செல்வத்தாலும் சாதியாலும் நாம் எழுப்பிய வேலிகள் மண்ணில் மட்டும் இல்லை. நம் செவிகளிலும் உள்ளன. “என்ன கேட்கிறீர்?” என்னும் வினாவை உண்மையோடு கேட்பின் அவ்வேலி தளரும், பெருமைக்காகக் கேட்பின் அது மேலும் உயரும்.

இனி, இசையைக் கேட்டவர் தாம் கேட்டதைப் பிறர்க்கு எடுத்துரைத்தலால் விளைந்த நன்மைகள் சிலவற்றைக் காண்போம். ஜெர்மனி நாட்டு பாக் என்பார் இயற்றிய மத்தேயு பாடுகளின் இசை, 1727-இல் லைப்சிக் நகரில் முதன்முதற் பாடப்பெற்றது. 1750-இல் பாக் மறைந்தபின் அதனை அறிந்தவர் மிகச் சிலரே. மெண்டல்சோன் என்னும் இளைஞர்க்கு அவர் பாட்டியார் அதன் கையெழுத்துப் படி ஒன்றைப் பரிசாக அளித்தார். அதனைத் தாம் மட்டும் படித்து மகிழ்ந்து பெட்டியில் வைத்துப் பூட்டினாரில்லை. 1829-ஆம் ஆண்டு, தம் இருபதாம் வயதில், பெர்லின் நகரில் அதனை மன்றத்தார் கேட்கப் பாடுவித்தார். நூறாண்டு உறங்கிய இசை அன்று விழித்தது.

அவ்வாறே, ஷூபர்ட் 1828-இல் முப்பத்தொரு வயதில் மறைந்தார். அவர் எழுதிய பெரிய சி மேஜர் சிம்பொனி அவர் தமையனார் வீட்டில் ஏடாய்க் கிடந்தது. அவ்வீட்டிற்குச் சென்ற ஷூமான் அதனைக் கண்டு, லைப்சிக்கில் இருந்த மெண்டல்சோனுக்குக் கிடைக்கச் செய்தார். 1839 மார்ச்சு மாதத்தில் அஃது இசைக்கப்பட்டது. அதனோடு ஷூமான் அமைந்தாரில்லை. தாம் 1834-இல் தொடங்கி நடத்திய இசைப் பத்திரிகையில் அச்சிம்பொனியைப் பற்றி நீண்டதொரு கட்டுரையும் வரைந்தார். தம் கைக்கு வந்ததைத் தம் பெயருக்குப் புகழாக்காமல், மறைந்த மற்றொருவர் பெயருக்குப் புகழாக்கியமையே ஈண்டுக் கருதத்தக்கது.

ஸ்பெயின் நாட்டு காசல்ஸ், பதின்மூன்று வயதுச் சிறுவராய் பார்சலோனா நகரில் ஒரு பழைய இசையேட்டுக் கடையில் பாக் எழுதிய தனிச் செல்லோ இசையைக் கண்டெடுத்தார். கண்ட மறுநாளே மேடை ஏறினாரல்லர். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் தமக்குள் வாசித்துப் பழகிய பின்னரே அவையோர் முன் வாசித்தார். 1936 முதல் 1939 வரை இசைத்தட்டுக்களிற் பதித்தார். இன்று அவ்விசையை அறியாத செல்லோ மாணாக்கர் உலகில் இலர். கண்டதும் அனுப்புதலே பகிர்தல் என்று எண்ணும் நமக்கு அப்பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பாடமாகுக.

இவை மேனாட்டு வரலாறுகள் என்பாரும் உளர். நம் நாட்டிலும் சான்று உண்டு. ஏ. எம். சின்னசாமி முதலியார் சென்னையில் அரசாங்க அலுவல் பார்த்தவர், கிறிஸ்தவர், மேடையேறிப் பாடிப் பிழைத்தவர் அல்லர். கருநாடக இசையிற் கொண்ட காதலால், கீர்த்தனங்களை மேனாட்டு இசைக்குறியில் எழுதி அச்சிடத் தம் பொருளையும் காலத்தையும் செலவிட்டார். எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதரிடம் முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனங்கள் வழிவழியாக வந்துள்ளன என்பதை அறிந்து, அவற்றை உலகுக்கு அளிக்குமாறு அவரைப் பன்முறை வேண்டினார். அவ்வேண்டுகோளும் எட்டயபுரம் அரசரின் ஆதரவும் சேர்ந்தே 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூல் வெளிவந்தது. தீட்சிதரின் கீர்த்தனங்கள் 200-க்கு மேற்பட்டவை சுரக்குறிப்புடன் அந்நூலிற் காக்கப்பட்டன. கேட்டார் ஒருவர் கேட்டதனால் பிழைத்தது அச்செல்வம். தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் மருத்துவத்தால் ஈட்டிய பொருளைக் கொண்டு 1912 முதல் வித்துவான்களையும் அறிஞர்களையும் ஒருங்கு கூட்டி இசை மாநாடுகள் நடத்தினார். 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் நூலை வெளியிட்டார். அவர் முடிபுகளை ஒப்புக்கொள்ளாதார் பலர் இருந்தனர். எனினும் கேட்டவர் ஒருவரோடு ஒருவர் பேசுதற்கு ஓர் இடம் வேண்டும் என்று அவர் கண்டது எவரும் மறுக்கலாகாத உண்மை.

இங்ஙனம் கூறுங்கால் எழக்கூடிய தடைகள் இரண்டுள. அவற்றிற்கு விடை கூறிச் செல்வோம்.

“இசை உள்ளத்துள் நிகழ்வது, அதனைப் பிறரிடம் பேசுதல் அதன் தூய்மையைக் கெடுக்கும்” என்பது ஒன்று. கேட்கும் பொழுதே பேசினால் கெடும் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். கேட்டு முடித்தபின் பேசுதல் கெடுப்பதன்று; காப்பது. நாம் கேட்டதைச் சொல்ல முயலும் பொழுதே, நாம் எவ்வளவு கேட்கவில்லை என்பது விளங்குகின்றது. அது விளங்கியவன் மீண்டும் கேட்கச் செல்வான். சொல்லாதவனோ தான் முழுதும் கேட்டுவிட்டதாகவே எண்ணி இருந்துவிடுவான்.

“சங்கீத இலக்கணம் கல்லாதவர் அதனைப் பற்றிப் பேசுதல் தகுமோ?” என்பது மற்றொன்று. தகும் என்றே விடை பகர்வோம். ஆனால் ஒரு நியதி உண்டு. தாம் கேட்டதை மட்டும் பேசுதல் வேண்டும். “அற்புதம், தெய்விகம், ஈடிணையற்றது” என்னும் சொற்கள் கேட்காதவரும் கூறக்கூடியவை. “அச்சிம்பொனி இரண்டு கொம்புகள் மட்டும் துணையின்றித் தனியே ஒலிக்கத் தொடங்குகின்றது” என்பதும், “பாடியவர் மேல் சட்சத்தில் நின்றபொழுது தம்புராவும் அவர் குரலும் வேறுவேறாகத் தோன்றவில்லை” என்பதும் கேட்டவர் மட்டுமே கூறக்கூடியவை. இதற்குப் பட்டம் வேண்டா, பொறுமை வேண்டும். இலக்கணம் கற்றவர் அச்சொல்லைக் கேட்டு, அதற்குரிய பெயரை அன்போடு எடுத்துரைப்பாராயின், ஒருவர்க்குச் செவியும் மற்றவர்க்கு நூலும் துணையாகி இருவரும் வளர்வர். அன்றிரவு எம் அறையில் நிகழ்ந்திருக்க வேண்டியது இதுவே.

ஆதலின் நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். வாரத்தில் ஒருநாள் மாலை ஒரு மணி நேரம், ஓர் அறை. அதன்கண் ஒரு நல்ல ஒலிபெருக்கி. விருப்பமுள்ள மாணாக்கரும் ஆசிரியரும், ஊரில் உள்ள பழைய மாணாக்கரும் வந்து அமர்தல். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. வாரம் ஒருவர், தாம் இப்பொழுது கேட்டுவரும் ஒன்றைக் கொணர்தல் வேண்டும், ஒன்று மட்டுமே. அதனை முதலிலிருந்து முடிவுவரை யாவரும் பேசாதிருந்து கேட்டல் வேண்டும். கைப்பேசிகள் வாயிலருகே ஒரு மேசைமீது உறங்கட்டும். பாடியவர் பெயரையும் இராகத்தின் பெயரையும் கேட்டபின்னரே கூறுதல் நலம். பெயரைக் கேட்டவுடன் மதிப்பிட்டு விடுதல் நம்மிடம் ஊறிய வழக்கமாதலின். பின்னர்க் கொணர்ந்தவர் தாம் அதில் கேட்டது யாது என்பதை இரண்டொரு நிமிடத்திற் கூறுவார். ஏனையோர் தாம் கேட்டதைக் கூறுவர். அது கருநாடக இசையாயினும், இந்துஸ்தானியாயினும், மேனாட்டு இசையாயினும் ஆகுக. தன் ஊர்க் கோயிலின் நாயனத்தைக் கொணர்பவர்க்கும், பாக்கின் இசையைக் கொணர்பவர்க்கும் அவ்வறையில் ஒரே நாற்காலி. எவரையும் எவரும் நகைத்தல் ஆகாது என்பது ஒன்றே அங்கு மீறலாகாத சட்டம். கேட்டவை இன்னவை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி நூல்நிலையத்தில் வைப்பின், பின்வருவோர்க்கு அது பட்டியலாக இராது, வழித்துணையாக இருக்கும்.

இது சிறு முயற்சியே. இதனால் சபைகள் திருந்திவிடும் என்றோ, நலிந்த கலைகள் ஒரே நாளில் தழைத்துவிடும் என்றோ நாம் கூறவில்லை. ஆனால் இருபது இளைஞர் ஆண்டு முழுதும் வாரம் ஒன்றாக முழுமையாகக் கேட்பாராயின், அவர்கள் கல்லூரியை விட்டுச் செல்லும்பொழுது கேட்கத் தெரிந்தவராய்ச் செல்வர். கேட்கத் தெரிந்தவர் இசையரங்கில் மட்டுமன்றி, இல்லத்திலும் அலுவலகத்திலும் பிறர் பேச்சை முடிக்குமுன் இடைமறியார். பிறர் தயங்கி நின்று சொல்லத் தொடங்கியதைப் பொறுத்திருந்து கேட்பார். கல்லூரிக் கல்வி அளிக்கக்கூடிய பேறுகளுள் இது சிறியதன்று.

இறுதியாக, பிறரை வினவுவோர் தாமும் விடை கூறக் கடமைப்பட்டவர். நாம் இப்பொழுது கேட்டு வருவன இரண்டே. ஒன்று, மேற்கூறிய ஷூபர்ட்டின் சிம்பொனியில் இரண்டாம் பகுதி. அதில் ஓபோ என்னும் குழல் நடைபோட்டுக்கொண்டே பாடுவதுபோல் எமக்குத் தோன்றுகின்றது. அந்நடை ஏன் துயரமாகவும் தோன்றுகின்றது என்பது இன்னும் விளங்கவில்லை. மற்றொன்று, நாகசுரத்தில் ஒரு தோடி. மூன்று மாதமாக அதனைக் கேட்டு வருகின்றோம்.

இம்மலர் பழைய மாணாக்கர் பலர் கைக்கும் செல்வது. அன்று வாயிலில் நின்ற நண்பர் கைக்கும் இது செல்லுமாயின், அவர் பெயரை ஈண்டு எழுதாமைக்கு அவர் எம்மைப் பொறுத்தருள்க. அதனினும் பெரிய பிழையையும் பொறுத்தருள்க. அவர் அன்று முடிக்காத வாக்கியத்தை முடிப்பதற்கு எப்பொழுது வரினும் நாம் கேட்கக் காத்திருக்கின்றோம்.

ஏனைய நண்பர்காள், நீவிர் இப்பொழுது என்ன கேட்கிறீர்?